அலையில்லாக் கரை: வேதாரண்யத்திலிருந்து தேவிபட்டினம் வரை

திங்கள், வேதாரண்யம்

கடற்கரை என்றால் மணல், அலை, சுண்டல் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் குறிப்புகளைப் படித்து ஏமாற வேண்டாம். வேதாரண்யத்தில் தொடங்கி, கோடியக்கரை முனையைச் சுற்றி, பாக் நீரிணையின் ஓரமாகவே தேவிபட்டினம் வரை பஸ்ஸில் போவதாகத் திட்டம். முனையைத் தாண்டிய பிறகு கடலில் அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. இலங்கை குறுக்கே கிடப்பதால் வங்கக் கடலின் வேகம் உள்ளே வருவதில்லை. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களை விட்டால் ஏரி போலக் கிடக்கும். ஆழமும் குறைவு. கரையில் பெரும்பாலும் சேறு, உப்பு, அலையாத்தி மரங்கள். உல்லாச விடுதி கட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்கு இத்தனை காரணங்கள் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆனால் சாலையிலிருந்து கடல் கண்ணில் படாது. ஊருக்கு ஊர் இறங்கி, இடப்பக்கம் பிரியும் தெருவில் நடந்தால்தான் தண்ணீர்.

வேதாரண்யத்தில் கோயில்தான் ஊர். வேதங்கள் பூசித்துச் சாத்திவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்பது தலபுராணம். அப்பர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. சம்பந்தருக்கு ஒரே பாட்டில் கதவு சாத்திக்கொண்டது. அப்பருக்கு அதில் மனத்தாங்கல் உண்டென்று கதை சொல்கிறது. எனக்கு அப்பர் பக்கம்தான் அனுதாபம். பூட்டியதைத் திறப்பதுதானே கடினமான வேலை? 'வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். அணையப் போன விளக்கின் திரியைத் தெரியாமல் தூண்டிவிட்ட எலி, மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியானதும் இந்தச் சன்னதியில்தான்.

மாலையில் தெற்கே அகத்தியம்பள்ளிக்கு நடந்தேன். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், ஏப்ரல் 30 அன்று உப்புச் சட்டத்தை மீறியது இங்கேதான். நினைவுத் தூண் நிற்கிறது. வழியில் இவர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரங்களில் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். மரத்தைக் கைது செய்ய முடியாதே.

தூணைச் சுற்றி இன்றும் உப்பளங்கள். மாசி என்பதால் பாத்திகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். சரியாக இறுகாவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் வரும், விலை போகாது. தண்ணீர் 24, 25 டிகிரி ஏறிய பிறகுதான் உப்பு இறங்கும். அது வெப்பத்தின் டிகிரி அன்று, உப்புச் செறிவின் டிகிரி. மீட்டர் இல்லாமல் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு முதியவர். அந்த வெயிலில் பாத்தியைத் தொடர்ந்து பார்க்க முடிந்ததே பெரிது என்று தோன்றியது எனக்கு.

ரயில் பாதையும் அகத்தியம்பள்ளியில் முடிகிறது. ஒரு காலத்தில் உப்பு ஏற்றிச் சென்ற மீட்டர் கேஜ் பாதை. வெகுகாலம் மூடிக் கிடந்து, திருத்துறைப்பூண்டி வரை அகலப் பாதையாக 2023 ஏப்ரலில் மீண்டும் திறந்தார்கள்.

செவ்வாய், கோடியக்கரை

வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் தமிழ்நாட்டுக் கரை, இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. இந்த மூலையில்தான் காடு. உயரமான மரங்களை எதிர்பார்க்க வேண்டாம். பாலை மரமும் முட்புதரும் கலந்த குட்டையான, வறண்ட, ஆனால் வருடம் முழுவதும் பச்சையாக இருக்கும் காடு. நடுவே புல்வெளி. 1967-இல் வெளிமான்களுக்காகவே இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

ஆண் மான்கள் இரண்டு கொம்பைத் தாழ்த்தி முறைத்துக்கொண்டு நின்றன. சண்டை வரும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். வரவில்லை. மட்டக் குதிரைகளும் கூட்டமாகத் திரிகின்றன. எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டுப்போனவற்றின் வாரிசுகள். அவை மான்களின் புல்லைத் தின்கின்றன. சீமைக் கருவேலம் புல்வெளியையே தின்கிறது. வனத்துறைக்கு இரண்டு பக்கமும் தலைவலி.

சதுப்புப் பக்கம் பூநாரைகள் தொலைவில் ஒரு வெளிர் ரோஜாக் கோடாகத்தான் தெரிந்தன. அருகில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த சிறு உள்ளான்களைப் பார்ப்பதில் எனக்குத் திருப்தி அதிகம். கைக்குள் அடங்கும் அந்தப் பறவை ஆர்க்டிக் பகுதியிலிருந்து இந்தச் சேற்றுப் புழுவைத் தேடி வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை அறிந்து வருகிறார்கள். 2002-இல் இந்தச் சதுப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கோடிக்குழகர் கோயிலுக்குப் போனபோது சன்னதியில் குருக்களும் நானும் மட்டும். சுந்தரர் இங்கே வந்தபோதும் இதே நிலைதான் போலும். கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில், பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் தனியே இருக்கிறீரே, உமக்கு யார் துணை என்று இறைவனையே கேட்டுவிட்டார். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் 2004 சுனாமியில் போய்விட்டது.

இந்த மாதங்களில் துணைக்கு ஆளுண்டு. ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் வந்து கரையில் கொட்டகை போட்டுத் தொழில் செய்கிறார்கள். காற்று சோழகத்துக்கு, அதாவது தென்காற்றுக்கு, திரும்பியதும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

புதன், முத்துப்பேட்டை

இடும்பாவனம் வழியாக வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரிந்துவிட்டது. 'படகில் போகவா? அப்படியானால் ஜாம்புவானோடையில் இறங்குங்கள், தர்காவுக்குப் பக்கம்' என்று வழிகாட்டியவர்களில் ஒருவர் கூடப் படகில் போனதில்லை. உள்ளூர்க்காரர்களுக்கே உரிய பெருமை அது.

வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு கோரையாற்றில் கிளம்பினோம். காவிரி கடலில் கலப்பது பூம்புகாரில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பாதி உண்மை. அதன் கிளைகளான பாமணியாறு, கோரையாறு, மரைக்காகோரையாறு எல்லாம் வயல்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுவது இங்கே. டெல்டாவின் கடைமடைக்கும் கடைமடை. வரும் தண்ணீர் கடலில் சேராமல் தயங்கித் தேங்குவதால் ஒரு பெரிய காயல். அதைச் சுற்றித்தான் அலையாத்திக் காடு.

ஆற்றின் இருபுறமும் மரங்கள் நெருங்கி வந்து, பிறகு விலகி, காயல் திறந்தது. கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர்; ஆழமோ இடுப்பளவு இருந்தால் அதிகம். படகோட்டி மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளினார். நான் ஓரமாகச் சாய்ந்து கையை நனைத்ததைப் பார்த்து, 'விழுந்தால் மூழ்கமாட்டீர்கள் தம்பி, ஆனால் எழுந்து நிற்கவும் மாட்டீர்கள்' என்றார். கழி எவ்வளவு தூரம் சேற்றுக்குள் இறங்கியது என்று பார்த்த பிறகு நேராக உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே பத்து மரத்தில் ஒன்பது ஒரே இனம் என்று சொல்லும்படி வெண்கண்டல்தான் எங்கும். அடியில் சேற்றைத் துளைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான சுவாச வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே வேர் மூச்சுவிட வெளியே வருகிறது. 'இலையை நக்கிப் பாருங்கள் அண்ணன்' என்று படகோட்டியின் உதவிக்கு வந்த பையன் ஒரு கொத்தை நீட்டினான். உப்பு கரித்தது. வேர் வழியே ஏறிய உப்பை இந்த மரம் இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது.

காடு பழையது, ஆனால் இன்று காண்பதில் கணிசமான பகுதி மனிதர் திரும்ப வளர்த்தது. வெள்ளைக்காரர் காலத்தில் மரம் வெட்டக் கூப்புக் குத்தகை விட்டு, பட்டை பட்டையாக மொத்தமாய் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்தது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே வற்றியது. அலையாத்தியே தாங்காத அளவுக்கு உப்பு ஏறிவிட்டது. பிற்பாடு வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு வழி கண்டார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள்ளின் வடிவம். ஓதத் தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டு நாற்று பிடித்தது. காடு அழிந்ததற்கு மாடு மேய்க்கிறவர்களையும் விறகு வெட்டுகிறவர்களையுமே அதுவரை குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது இந்தக் காடும் அடி வாங்கியது. முறிந்த அடிமரங்கள் சில இன்னும் கருகினாற்போல நிற்கின்றன. அவற்றின் காலடியில் புதிய கன்றுகள். புயலின்போது எங்கே இருந்தீர்கள் என்று படகோட்டியைக் கேட்டேன். 'பள்ளிக்கூடத்தில். மறுநாள் வந்து பார்த்தால் ஊரில் அடையாளம் சொல்ல ஒரு தென்னை இல்லை' என்றார். கழி ஊன்றுவதை நிறுத்தவில்லை.

இரவு உணவுக்குக் கொடுவா மீன். நன்றாக இருந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

வியாழன், மல்லிப்பட்டினம்

அதிராம்பட்டினத்தில் காலைச் சிற்றுண்டிக்கு இறங்கினேன். இறால் வைத்துப் பொரித்த வாடா சாப்பிட வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். கடையில் ஒருவரையொருவர் 'காக்கா' என்று அழைத்துக்கொண்டார்கள்; இந்த ஊர் முஸ்லிம்களிடையே அண்ணனுக்கு அதுதான் முறை. வாடா மாலையில்தான் போடுவார்களாம். இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மல்லிப்பட்டினத்துக்கு வியாழக்கிழமை வந்தது தற்செயல் அன்று. தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும் கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இருவர் வலையும் ஒன்றோடொன்று சிக்கிப் பெரிய சண்டைகள் நடந்த பிறகு வந்த ஏற்பாடு. அதனால் இந்தக் கரையில் கிழமையைப் பார்த்தே துறைமுகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நேற்றுப் போனவை இன்று காலை திரும்பியிருந்தன. ஏலக்காரர் குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், காலடியில் வழுக்கும் தண்ணீர். பேசுவதற்கு யாருக்கும் நேரமில்லை.

நேரம் இருந்தவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஆவுளியா பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கடற்பசுவுக்கு இங்கே அதுதான் பெயர். பார்த்திருக்கிறார், சின்ன வயதில் தின்றும் இருக்கிறார். 'அப்போது அது குற்றம் என்று யார் சொன்னார்கள்? இப்போது வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறோம். விட்டதற்குப் பணமும் தருகிறார்கள்' என்றார். அதிராம்பட்டினம் தொடங்கித் தெற்கே புதுக்கோட்டை மாவட்டக் கடல் வரை 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. நாட்டில் இதுவே முதல். கடற்பசு தின்பது கடற்புல்லை. கடற்புல்லுக்கு வெயில் அடிவரை இறங்கும் ஆழமற்ற, அமைதியான தண்ணீர் வேண்டும். சுற்றுலாவுக்கு ஆகாத கடல் என்று எதையெல்லாம் குறையாகச் சொல்கிறோமோ, அதெல்லாம்தான் அந்தப் பிராணிக்குச் சோறு.

மனோரா இங்கிருந்து பக்கம். ஆறு பட்டையும் எட்டு அடுக்குமாக, அகழி சூழ, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கோபுரம். 1814-இல் நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டியது. 1799-இல் தஞ்சைக் கோட்டை நீங்கலாக நாட்டையே கம்பெனியிடம் எழுதிக் கொடுத்துவிட்டவர், அதே கம்பெனிக்காரர்களின் எதிரி எங்கோ தோற்றதற்கு இந்தச் சேற்றுக் கரையில் வெற்றித் தூண் எழுப்பியிருக்கிறார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த மனிதர் என்பதால் மன்னித்துவிடலாம். கட்டடம் என்னவோ அழகுதான்.

வெள்ளி, கோட்டைப்பட்டினம்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. கட்டுமாவடியில் தொடங்கி 42 கிலோமீட்டர். இன்று நாட்டுப்படகுகளின் நாள். ஆகவே நண்டின் நாள். கட்டுமாவடிக் கரையில் கீற்றுக் கொட்டகைகளின் நிழலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கு ஒடிந்தால் விலை குறையும். அவசரப்பட்டால் விரல் போகும். ஓர் அம்மா என்னிடம் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் கம்பெனி வண்டி வந்து நீல நண்டு முழுவதையும் எடை போட்டு ஏற்றிப் போனது. அதன் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. உள்ளூர்க் குழம்புக்கு மிஞ்சுவது பொடி நண்டு.

மணமேல்குடி, பாண்டிய மந்திரி குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். பஸ் மாறியதோடு சரி.

கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் அப்பா தர்கா இருப்பதால் வெளியூர்க்காரர் தங்க இடம் கிடைக்கிறது. தர்காவில் இன்று நல்ல கூட்டம். துறையில் நாளைக்கான ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருந்தன. இங்கே பேச்சு எதில் தொடங்கினாலும் இலங்கைக் கடற்படையில் வந்து முடிகிறது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரைந்த எல்லைக் கோடு தண்ணீரில் தெரிவதில்லை என்கிறார்கள், அது உண்மை. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இழுவலை கூடாது, அதற்கு அப்பால் சற்றுப் போனால் எல்லை. நடுவில் இருக்கும் இடத்துக்கு இத்தனை படகுகள் அதிகம். இழுவலை அடித்தரையை வழித்துக்கொண்டு போகிறது என்பதும் அதே அளவு உண்மை. அக்கரையில் வலை அறுபடும் மீனவர்களும் தமிழர்களே. இதை டீக்கடையில் நான் சொல்லவில்லை. பிடிபட்ட படகுக்குக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

சனி, தொண்டி

விடியுமுன்பே துறைக்குப் போய்ப் படகுகள் கிளம்புவதைப் பார்த்தேன். டோக்கன் வாங்கியதும் ஒவ்வொன்றாக இயந்திரம் முடுக்கி, வெளிச்சம் வருவதற்குள் துறை காலியாகிவிட்டது.

பிறகு கடலை விட்டு உள்ளே திருப்புனவாசலுக்கு ஒரு சுற்று. 'மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று' என்று இந்தக் கோயிலைப் பற்றிச் சொல்வார்கள். லிங்கத்துக்கு மூன்று முழத் துணி போதும். ஆவுடையாரைச் சுற்ற முப்பது முழம் வேண்டும். கணக்குச் சரியா என்று தெரிந்துகொள்ளத் துணி வாங்கிப் போகவில்லை, ஆனால் நந்தியின் அளவைப் பார்த்தபோது நம்பத் தோன்றியது.

தீர்த்தாண்டதானம் இன்று ஒரு சிற்றூர். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறார்கள். அந்தக் கோயிலின் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களைக் குறிப்பிடுகிறது. அஞ்சுவண்ணத்தார் மேற்குக் கடலிலிருந்து வந்த வணிகர்கள். கோயில் காரியத்துக்கு அவர்களும் சேர்ந்து கூடிப் பேசியிருக்கிறார்கள். ஆழமற்ற இந்தக் கடல் அன்றைய மரக்கலங்களுக்குப் போதும். இரும்புக் கப்பல் பெரிதாகப் பெரிதாக இந்தத் துறைகளெல்லாம் தாமாகவே ஓய்ந்தன.

தொண்டியும் அப்படி ஓய்ந்த ஒன்றுதான். பெரிய வீடுகளும் பெரிய பள்ளிவாசலும் இருக்கின்றன. கடலோரம் வள்ளங்கள் மட்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இங்கே இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இதைவிட அமைதியான கடல் கிடைக்காது. மாலையில் ஓதம் வற்றியபோது வெகுதூரம் நடந்து போயும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. காலில் கடற்புல் சிக்கியது. ஒரு சிறு திருக்கை மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடியதும் நடையை நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு, தேவிபட்டினம்

காரங்காட்டில் செங்கோல் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் படகு கிடைத்தது. இங்கும் அலையாத்திக் காடு, முத்துப்பேட்டையைவிட மிகச் சிறியது. வனத்துறையோடு சேர்ந்து ஊர் மக்களே படகு ஓட்டுகிறார்கள், சமைத்தும் போடுகிறார்கள். சுற்றுலா இந்தக் கரைக்கு வந்துதான் தீரும் என்றால் இந்த அளவில், ஊர்க்காரர் கையில் வருவதே நல்லது என்பேன். மதியம் அவர்கள் போட்ட நண்டுக் குழம்பு, கட்டுமாவடியில் ஏற்றுமதிக்குப் போனதைப் பார்த்த வயிற்றெரிச்சலை ஆற்றியது.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகருக்கு மேற்கூரை இல்லை. அந்த ஊரில் தொடங்கிய அனல்மின் நிலைய வேலையும் பாதியில் நின்றுபோனது.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கற்கள். ராமர் நவக்கிரகங்களாக நட்டவை என்று நம்பிக்கை. தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொரு கல்லாகச் சுற்றி நவதானியம் போடுகிறார்கள். குழந்தைகளும் பாட்டிமாரும் பயமில்லாமல் இறங்குகிறார்கள். அலை அடிக்கும் கடலில் இப்படி ஒரு கோயிலை யோசித்துப் பார்க்கவே முடியாது. படிகளில் ஈரத் துணிகளும் மாலைகளும் குவிந்து கிடப்பதைப் பற்றி இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தை முதல் பங்குனி வரை நல்ல காலம், ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆனால் நாட்டுப்படகு மீன் கிடைக்கும், நண்டும் கிடைக்கும். முத்துப்பேட்டைக்குப் படகு வேண்டுமென்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சிற்றூர்களில் தங்கும் இடத்துக்கு உறுதி சொல்ல முடியாது. பட்டுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ பையை வைத்துவிட்டு வந்துபோகலாம். அதிராம்பட்டினத்தில் மாலையில் இறங்குங்கள்.